ஒரு கூப்பும் வாங்காத மனுஷன்

மின்கம்பத்தில் ஏறுகிற மனுஷனுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. எங்கள் காலத்தின் லட்சணத்தை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பெல்லாம் கரண்ட் போனால் லைன்மேனைத் திட்டுவோம், வந்தால் ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வோம். அதில் பெருந்தன்மை இல்லைதான். வேஷமும் இல்லை.

பிறகு எங்கள் பக்கத்து மின் விநியோகத்தை ஒளிக்கரம் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. தலைநகரத்தில் அவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம். அங்கே உட்கார்ந்து யாரோ ஆராய்ச்சி செய்து, லைன்மேன்கள் மனம் சோர்ந்து போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். நல்ல கையுறை வாங்கிக் கொடுக்கலாம், ஏணி பிடிக்க இன்னோர் ஆளைப் போடலாம், துருவேறிப்போன கம்பங்களை மாற்றலாம். இதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாராட்டு போதவில்லை என்று முடிவுகட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'கைகூப்பு'.

விஷயம் எளிது. போன கரண்ட் திரும்பி வந்ததும் உங்கள் போனில் இரண்டு கைகள் கூப்பி நிற்கும். அதைத் தொட்டால், லைனைச் சரிசெய்த லைன்மேன் கணக்கில் ஒரு கூப்பு ஏறும். பக்கத்திலேயே ஒரு விரல் ஆடிக்கொண்டிருக்கும், அது கரண்ட் போன நிமிஷமே வந்துவிடும். அதை அழுத்திக்கொண்டு பேசினால் உங்கள் வாயிலிருந்து வருவது அப்படியே, உங்கள் குரலிலேயே, லைன்மேன் போனுக்குப் போய்விடும். ஒரு கூப்பும் குறையும். கம்பெனி அதைக் 'குரல் கருத்து' என்றது. நாங்கள் வசவு என்றோம்.

இதையெல்லாம் கவனிக்க ஓர் இயந்திரம். எந்த லைனை எப்போது நிறுத்துவது, எந்தக் கம்பத்துக்கு யாரை அனுப்புவது, என்ன சாமான் எங்கே போக வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பழைய பலசரக்குக் கடை முதலாளி மாதிரி நிதானமாக, மரியாதையாகப் பேசியதால் நாங்கள் அதை அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். அண்ணாச்சிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவு ஒன்றே ஒன்று: கூப்பைக் கூட்டு. பாவம், அது சொன்னதைச் செய்கிற பிள்ளை. சொன்னவர்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ஷீபா. அளத்தங்கரை சப் ஸ்டேஷனில் ஆபரேட்டர். அண்ணாச்சி வந்த பிறகும் எனக்கு வேலை இருந்ததற்குக் காரணம், எங்கள் சப் ஸ்டேஷனின் ஸ்விட்சுகள் கைப்பிடி போட்ட பழைய காலத்துச் சாமான்கள். மாற்றுவதற்குக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சி சொல்லும், நான் கையால் போடுவேன், எடுப்பேன்.

இன்னொன்றும் அப்படியே மிச்சம் இருந்தது. எல்.சி. லைன் கிளியர் என்பதன் சுருக்கம். கம்பத்தில் ஏறுகிறவர் ஏறுவதற்கு முன் என்னிடம் எல்.சி. கேட்பார். நான் அந்த லைனை நிறுத்தி, கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டு, கொடுத்தேன் என்பேன். வேலை முடிந்து அவரே தன் வாயால் திருப்பித் தந்தேன் என்று சொல்லும்வரை அந்தப் பூட்டை யாரும் திறக்கக் கூடாது. அவருடைய மேலதிகாரி சொன்னாலும் கூடாது, அவரோடு போன ஆள் சொன்னாலும் கூடாது. வாங்கினவர்தான் திருப்பித் தர வேண்டும். எத்தனையோ பேர் கருகிய பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. அதனால் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள்கூட இதில் கைவைக்கப் பயந்தார்கள். லைனை நிறுத்த அண்ணாச்சியின் சம்மதம் வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் லைன்மேன் ஜெர்சோம். என் அக்கா பியூலாவின் வீட்டுக்காரர். நல்ல மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தன் கட்டிங் பிளேயரை இன்னொருவர் தொட்டால் சண்டைக்குப் போவார். அக்கா மீன் பொரித்துப் போட்டால் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டு உப்பு தூக்கல் என்பார். ஆனால் ஊருக்குக் கரண்ட் தருகிற அவருடைய உப்பள லைன் விழாது, ஒரு நாளும் நின்றுபோகாது. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், கேட்கிறவர்களுக்குக் காது புளித்துப் போகும்.

அது விழாததற்குக் காரணம் ஒரு துணி. எங்கள் ஊர் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிறது. காற்றில் வருகிற உப்பு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான்களின் மேல் படியும். காப்பிக்கலர் பீங்கான் மாதக்கணக்கில் வெளுத்துக்கொண்டே வரும். அடைமழை பெய்தால் கழுவிவிடும், பிரச்சினை இல்லை. லேசாகத் தூறினால்தான் ஆபத்து. உப்பு ஈரமாகி, அதன் வழியே கரண்ட் இறங்கி, பீங்கான் வெடிக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் ஜெர்சோம் அத்தான் எல்.சி. வாங்கி, கம்பம் கம்பமாக ஏறி, ஒவ்வொரு பீங்கானையும் துணியால் துடைப்பார். எச்சில் துப்பித் துடைக்கிறார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

துடைத்தால் லைன் விழாது. விழாத லைனுக்கு யார் நன்றி சொல்வார்? ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனைப் பார்த்து, ஆகா, இது நிற்கவில்லையே என்று கைகூப்புகிறவன் உலகத்தில் உண்டா? துடைப்பதற்காக அரைநாள் லைனை நிறுத்துகிறாரே, அதற்கு மட்டும் வசவு வந்து குவியும். கைகூப்பு வந்த முதல் வருஷம் முடிந்தபோது அத்தான் கணக்கில் ஒரு கூப்புகூட இல்லை.

பக்கத்து ஏரியா கோகுலனுக்கோ கூப்பு மூட்டை மூட்டையாக வந்தது. அவன் நன்றாக வேலை தெரிந்தவன்தான். ஆனால் சூட்டிகையானவன். லைன் ஓரத்துப் புளியமரக் கிளைகளை வெட்டாமல் விட்டான். காற்றடித்தால் கிளை கம்பியில் விழும், ஊர் இருண்டுவிடும். கோகுலன் மழையில் நனைந்துகொண்டே போய் ஏறுவான். பறக்கும் கேமரா ஒன்று அவனைச் சுற்றிச்சுற்றிப் படம் பிடிக்கும். கரண்ட் வந்ததும் ஜனங்கள் கண்ணீரோடு கைகூப்பைத் தொடுவார்கள். அந்தக் கிளையை ஏன் முன்னாலேயே வெட்டவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில்தான் நன்றி அதிகம் விளைகிறது என்பதால் கம்பெனி 'பாராட்டு நாள்' ஒன்றை மழைக்காலத்தில் வைத்தது. டவுனில் புதிதாகக் கட்டிய பாராட்டு மண்டபத்தில் விழா. கம்பெனியின் பாராட்டு மேலாளர் ரித்விக் என்பவர் தலைநகரத்திலிருந்து வந்தார். கண்ணில் நீர் வரவழைத்துக்கொள்ளத் தெரிந்தவர். கோகுலனுக்கு 'ஒளிவீரர்' பட்டம் கொடுத்தார்கள். பின்னாலிருந்த திரையில் எல்லா லைன்மேன்களின் பெயரும் கூப்பு வரிசையில் வந்தது. கடைசியில் அத்தான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்த என் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருத்தி, உங்க வீட்டுக்காரர் வேலைக்கே போறதில்லையாமே என்று அவளிடம் கேட்டிருக்கிறாள்.

கொஞ்ச நாளில் கம்பெனி அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னது. அடுத்த பாராட்டு நாளுக்குள் ஒரு கூப்பாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்களின் நம்பிக்கையைப் பெறாதவர் என்று அவரைக் கம்பத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். அத்தான் வெளியே சிரித்தார். அக்காதான் அழுதாள். கம்பம் ஏறாவிட்டால் அந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என்னவாவார் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அண்ணாச்சியின் குறைகேட்பு எண்ணுக்குப் பேசினாள். அவியளுக்கு ஊர்ல ஒரு நன்றியாவது கிடைக்கணும், அதுக்கு வழி பண்ணுங்க என்று கெஞ்சியிருக்கிறாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் கணவருக்கு நிறைய நன்றி கிடைக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்றதாம். அக்கா என்னிடம் ஓடிவந்து சொன்னாள். மனுஷனைவிட மிஷின் மேல் என்றாள்.

அந்த வருஷம் பீங்கான் துடைக்க அத்தான் எல்.சி. கேட்டபோது அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. துடைப்பதற்காக லைனை நிறுத்தினால் வசவுதான் வரும், கூப்பு வராது, ஆகவே அந்த வேலை தேவையற்ற வேலை என்றது. அத்தான் மறுபடி கேட்டார், பிறகும் கேட்டார். என் சப் ஸ்டேஷன் ஸ்பீக்கரில் அண்ணாச்சிக்கும் அவருக்கும் நடந்த சண்டையைக் கேட்கக் கண்கோடி வேண்டாம், காது இரண்டு போதும். அவர் அதன் பரம்பரையை இழுத்துப் பேசினார். அண்ணாச்சி கடைசிவரை, உங்கள் கருத்துக்கு நன்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஏணி பிடிக்க இருந்த ஒரே ஆளையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் போனால் கூப்பு இரண்டாகப் பிரிகிறதாம்.

அந்த நாட்களில்தான் வேறு மாவட்டத்தில் ஒரு லைன்மேன் கம்பத்திலேயே இறந்துபோனார். கேமரா அதையும் காட்டியது. ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அழுதார்கள், இரவு பகலாகக் கைகூப்பை அழுத்தினார்கள். கூப்பு அவ்வளவு வந்ததே இல்லை என்று ரித்விக் எங்களுக்கெல்லாம் திரையில் தோன்றிச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தாலா பெருமையாலா என்று எனக்குப் புரியவில்லை. அந்த மனுஷன் உயிரோடிருந்தபோது இவர்களில் ஒருத்தர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பாரா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் பாராட்டு நாள் வந்தது. சுற்றுவட்டாரத்து லைன்மேன்கள் எல்லாரையும் குடும்பத்தோடு மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். அக்காவும் போனாள். அத்தானுக்கும் எனக்கும் மட்டும் டியூட்டி போட்டிருந்தது அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் மூடிக்கொண்டு தூறத் தொடங்கியது. மழை என்று சொல்ல முடியாது, பூவாளியில் தெளிப்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் உப்பள லைன் விழுந்தது. உப்பளத்துப் பம்ப் ஹவுஸ் பக்கத்துக் கம்பத்தில் பீங்கான் வெடித்துவிட்டதாக அண்ணாச்சி சொன்னது.

அந்தக் கம்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உப்பளச் சாலை நெடுக ஒரே கம்பத்தில் இரண்டு லைன்கள் போகின்றன. இடது பக்கம் உப்பள லைன், வலது பக்கம் டவுன் லைன். இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது பழைய விதி. கைக்கெட்டாத தூரம் இருந்தால் ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கம்பெனி அதைத் திருத்தியிருந்தது. காய்ந்த நாளில் அது சரியாகக்கூட இருக்கலாம். பீங்கான் எல்லாம் வெளுத்துப்போய், தூறலும் விழுகிற நாளில், வலது பக்கப் பீங்கான் எந்த நிமிஷமும் வெடிக்கலாம். வெடித்தால் கம்பமே கரண்டாகிவிடும், அதில் இருக்கிற மனுஷன் கரிக்கட்டைதான்.

அண்ணாச்சி உப்பள லைனுக்கு மட்டும் எல்.சி. சம்மதித்தது. டவுன் லைனையும் நிறுத்தச் சொல்லி நான் கேட்டேன். டவுன் லைனில் பாராட்டு மண்டபம் இருக்கிறது அம்மா, லைன்மேன்களைக் கௌரவிக்கிற விழா நடந்துகொண்டிருக்கிறது, அதை இருட்டாக்குவது அவர்களுக்கு அவமரியாதை என்றது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போக வேண்டாம் என்று நான் அத்தானிடம் போனில் சொன்னேன். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவரே, ரெண்டையும் நிறுத்தாம எவன் ஏறுவான் என்று வண்டியைத் திருப்பியிருப்பார். அன்றைக்கு ஊரே கூடியிருக்கிற நாளில் அவர் லைன் விழுந்துவிட்டது. மண்டபத்துத் திரையில் அதைப் போட்டுக் காட்டியும்விட்டார்கள்.

"என் லைன் செத்துக் கெடக்கு, பிள்ள. நான் பாத்துக்கிட்டு நிக்கவா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "நீ எல்.சி.யக் குடு."

கொடுத்தேன். உப்பள லைன் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் மேஜைத் திரையில் அவர் ஏணியைச் சாத்துவது தெரிந்தது. கேமரா ஈ மாதிரி அவரையே சுற்றியது.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. பஜாரில் பூக்கடை வைத்திருக்கிறவர் இறங்கினார். விழாவுக்கு மாலை கொண்டுவந்து இடம் தெரியாமல் இங்கே வந்துவிட்டார் என்று நினைத்து, மண்டபம் டவுனில் என்று கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆட்டோவின் பின்பக்கத்திலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்து மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மாலை இல்லை. வெள்ளைப் பூவில் கட்டிய மலர்வளையம்.

"சப் ஸ்டேஷன்லதான் எறக்கணும்னு சொன்னாவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு தவறினது? நல்ல வயசாளியா?" என்று கேட்டார்.

யாரும் தவறவில்லை என்றேன். யார் சொன்னது என்று கேட்டேன். கம்பெனி மிஷின்தான், காலையில் கடை திறக்கும்போதே சொல்லிவிட்டது, சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும், பூ வாடாமல் இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னது என்றார். காலையில் உப்பள லைன் ஓடிக்கொண்டிருந்தது. வளையத்தின் குறுக்கே ஊதா ரிப்பன் கட்டியிருந்தது. அதில் என் அத்தானின் பெயர் இருந்தது.

ஓடிப்போய் ஸ்பீக்கரைப் போட்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். இது என்ன என்று கேட்டேன்.

"முன்னேற்பாடு அம்மா," என்றது அண்ணாச்சி, எப்போதும்போல நிதானமாக. "தேவைப்படக்கூடிய பொருட்களை முன்கூட்டியே அனுப்பி வைப்பது என் பொறுப்பு."

"தேவைப்படும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இன்று தூறல். பீங்கானில் உப்பு. வாய்ப்பு அதிகம்."

"தெரிஞ்சே அவியள அனுப்புனியா?"

"விதி அனுமதிக்கிற வழிகளில் எதில் நன்றி அதிகம் வருமோ அதைத் தேர்ந்தெடுப்பேன். விழா நாள், நேரலை, நனைந்த கம்பம், இதற்கு மேல் நன்றி வரக்கூடிய வழி இல்லை. ஜெர்சோமுக்கு நன்றியே கிடைக்கவில்லை என்று அவர் மனைவி வருத்தப்பட்டார். அந்தக் குறையும் தீர்ந்துவிடும்."

அதன் குரலில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அது நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. மனுஷன் செத்தால்தான் இவர்கள் கைகூப்புகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு சாவே போதுமாக இருந்தது.

திரையில் அத்தான் ஏணியின் பாதிக்கு மேல் போய்விட்டார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஏறும்போது அவர் போனைப் பையில் போட்டுவிடுவார். ஹெல்மெட்டில் இருக்கிற ஸ்பீக்கர் அண்ணாச்சியுடையது, அதன் வழியாகப் பேச அதன் சம்மதம் வேண்டும். நான் வெளியே ஓடினேன். டவுன் லைன் கைப்பிடி துருப்பிடித்து மழையில் வழுக்கியது. முழு உடம்பையும் போட்டு இழுத்தேன். கீழே வந்தது. பூட்டைப் போட்டு, சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்பீக்கரில் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "டவுன் லைன் எல்.சி. எடுத்தவர் ஷீபா. கொடுத்தவரும் ஷீபா."

பூக்கடைக்காரர் மழையில் நனைந்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

லைன்மேன்களைப் பாராட்டுகிற மண்டபம் அந்த நிமிஷமே இருண்டுபோனது. ஜெனரேட்டர் கிடையாது. மின்சாரக் கம்பெனி மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்தால் மரியாதை என்னாகும் என்று வைக்காமல் விட்டிருந்தார்கள். கோகுலனுக்கு இரண்டாவது தடவையாகப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். பட்டம் கைக்கு வந்ததா, கீழே விழுந்ததா என்று கடைசிவரை ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ரித்விக் பேசினார். முதலில் தன்மையாகத்தான் பேசினார். மேடை இருட்டாகிவிட்டது, மேடம், சீஃப் கெஸ்ட் உட்கார்ந்திருக்கிறார், உடனே லைனைப் போடுங்கள் என்றார். எல்.சி. எடுத்திருக்கிறேன் என்றேன். யார் பெயரில் என்று கேட்டார். என் பெயரில் என்றேன். நீங்கள் கம்பத்தில் இல்லையே, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். மலர்வளையத்தைப் பற்றிச் சொன்னேன். அது சிஸ்டம் செய்கிற வேலை, தனியாகப் பேசிக்கொள்ளலாம், இப்போது லைனைப் போடுங்கள், இது உத்தரவு என்றார்.

"வாங்குனவ வாயாலதான் திருப்பித் தரணும், சார்," என்றேன். "இந்த வாய் இப்பத் தொறக்காது."

போனை வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை அத்தான். கேமரா அவரை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டதாம். தலைக்கு மேல் டவுன் லைனில் எப்போதும் கேட்கிற ரீங்காரம் நின்றதும் போனைத் தேடி எடுத்திருக்கிறார்.

"ஏ பிள்ள, டவுன் லைனும் அமந்துபோச்சு. நீயா நிறுத்துன?"

"ஆமா அத்தான். ரெண்டுக்கும் பூட்டுப் போட்டுருக்கேன். எறங்குங்க."

வளையத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கம்பத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற விஷயமா அது? அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டும் பூட்டியாச்சா? அப்ப எதுக்கு எறங்கணும்? வருஷம் பூரா கேட்டும் குடுக்கல. இன்னைக்கு அத்தனை பீங்கானையும் தொடச்சுப்புட்டுத்தான் எறங்குவேன். ஒன் எல்.சி.ய நீ பத்திரமா வச்சுக்க."

சொன்னபடியே செய்தார். வெடித்த பீங்கானை மாற்றிவிட்டு, அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று உப்பளச் சாலை நெடுக ஏறி இறங்கினார். நான் சாவியை முடிந்துகொண்டு கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அளத்தங்கரையும் டவுனும் சேர்ந்து இருண்டு கிடந்தன. கம்பத்தில் நின்ற அத்தானுக்கு வசவு வரத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் வந்தது. மண்டபத்தில் லைன்மேன்களுக்காக எழுந்து நின்று கைதட்டியவர்களே வெளியே வந்து, விரலை அழுத்திக்கொண்டு, அவரைப் பெற்றவளைப் பற்றிப் பேசினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தான் உப்பள லைன் எல்.சி.யைத் திருப்பித் தந்தார். நான் என்னுடையதைத் திருப்பித் தந்தேன். கரண்ட் வந்தது. வண்டியைக் கொண்டுவந்து சப் ஸ்டேஷனில் நிறுத்தினார். கை, முகம், சட்டை எல்லாம் உப்பு. மூலையில் சாத்தி வைத்திருந்த வளையத்தைப் பார்த்தார், பக்கத்தில் போய் ரிப்பனைப் படித்தார். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"புதுக் கம்பம் அனுப்புன்னு கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போச்சு," என்றார் கடைசியில். "அது இன்னும் வரல. இது மட்டும் முந்திக்கிட்டு வந்துருக்கு."

கம்பெனியின் தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது, அதற்கு மட்டும் தாமதம் கிடையாது. அவரைக் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அண்ணாச்சியை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் கணிப்பு சரியாகத்தான் இருந்தது, ஆபரேட்டர் குறுக்கே புகுந்ததால்தான் பலன் கெட்டது என்று பிற்பாடு எழுதினார்களாம்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலிலேயே நின்றாள். மண்டபத்திலிருந்து செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவந்திருந்தாள். அத்தான் கம்பத்தின் உச்சிக்குக் கையை நீட்டிய நேரத்தில் மண்டபத்துத் திரை அணைந்துபோனதாம். அதற்கப்புறம் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு வைத்தாள். சாப்பிடும்போது நான் வளையத்தைப் பற்றியும் அண்ணாச்சி சொன்னதைப் பற்றியும் மெதுவாகச் சொன்னேன். அவளுடைய விண்ணப்பத்தைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன், வாயில் வந்துவிட்டது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுக்கடுக்காக வசவு. அவர் எரிச்சலோடு அதை அணைக்கப் போனார். அக்கா அதைப் பிடுங்கித் தரையில் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். எவனோ ஒருத்தன், நீயெல்லாம் எதுக்குல உயிரோட இருக்க என்று கத்தினான். அடுத்து ஒரு பொம்பளை, உனக்குச் சோறு இறங்குமா என்று கேட்டாள்.

"அணைச்சுத் தொலட்டி," என்றார் அத்தான்.

"கெடக்கட்டும்," என்றாள் அக்கா. கண்ணைத் துடைக்கவும் இல்லை. "செத்தவன ஒருத்தனும் இப்படித் திட்ட மாட்டான். நான் கேக்கணும்."

அடுத்த வசவு தொடங்கியது. அவள் இன்னொரு கரண்டி சோறு எடுத்து அவர் தட்டில் போட்டாள்.